ஆஸ்டின் நகர ஜான்சன் நூலகத்தின் கோப்புகளும் வாய்மொழிப் பேட்டிகளும்: 1965–67 கோதுமை உதவி குறித்த ஆய்வுக்கு எதை எவ்வளவு நம்புவது?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1965 முதல் 1967 வரை அமெரிக்கா தன் உணவு உதவிச் சட்டமான பி.எல். 480இன் கீழ் இந்தியாவுக்கு அனுப்பிய கோதுமையைப் பற்றியும், அதிபர் லிண்டன் ஜான்சன் அந்த ஒதுக்கீட்டை ஆண்டுக்கணக்கில் உறுதி செய்யாமல் ஓரிரு மாதத் தேவைக்கு மட்டும் அளந்து விடுவித்த முறையைப் பற்றியும் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறேன். அக்காலத்தில் மத்திய உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம் (சி.எஸ்.) என்பதும், 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண்மைச் செயலாளர் ஆர்வில் ஃப்ரீமனோடு அவர் செய்துகொண்ட உடன்பாடு அப்போது வெளியே அறிவிக்கப்படவில்லை என்பதும் இங்குள்ள பலர் அறிந்த செய்திகளே.

டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலுள்ள ஜான்சன் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளை இப்போது படித்து வருகிறேன். அவற்றுக்கு இணையாக, அமெரிக்க வெளியுறவுத் துறை அச்சிட்டு வெளியிட்ட 1964–68 காலத்து ஆவணத் தொகுதிகளில் தெற்காசியாவுக்குரிய 25ஆம் தொகுதியையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். பேட்டிகளில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் காரணம் தெளிவாகச் சொல்லப்படுகிறது. ஆவணங்களுக்குத் திரும்பினால் அதே மாதங்கள் அவ்வளவு தெளிவாக இல்லை. அதிகாரிகள் மீண்டும் மீண்டும் ஒரே பரிந்துரையை அனுப்புகிறார்கள், அதிபரின் பதிலைக் காண முடிவதில்லை.

என் நெறியாளர், பேட்டிகளை அடிக்குறிப்பில் மட்டும் பயன்படுத்த வேண்டும், வாதம் முழுவதும் கோப்புகளின் மேல்தான் நிற்க வேண்டும் என்கிறார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் போதிய காரணம் என்னிடம் இல்லை. நேரில் ஆஸ்டினுக்குச் செல்லும் வாய்ப்பு இப்போதைக்கு இல்லாத நிலையில், சென்னையில் இருந்தபடியே அந்த நூலகத்தின் கோப்புகளில் எதுவரை எட்ட முடியும், பேட்டிகளை ஆதாரமாகக் கொள்வதற்கு என்ன ஒழுங்கு வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி

வைகறை அவர்களுக்கு வணக்கம். ஆவணக் காப்பகப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில், முதலில் அந்தக் கோப்புகள் அங்கே எப்படி வந்து சேர்ந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன்; எதைக் கேட்கலாம், எதைக் கேட்டாலும் கிடைக்காது என்பது அதிலிருந்தே விளங்கும்.

அமெரிக்க அதிபர்களின் தாள்கள் நெடுங்காலம் அவரவர் சொந்த உடைமையாகவே கருதப்பட்டன. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தம் தாள்களை அரசிடம் ஒப்படைத்து, ஹைட் பார்க்கில் 1941இல் திறந்துவைத்த நூலகமே இந்த வகையில் முதலாவது. 1955இல் இயற்றப்பட்ட அதிபர் நூலகச் சட்டம், தனியார் நிதியில் கட்டடம் எழுப்பி அரசின் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கும் முறையை நிலைப்படுத்தியது. தாள்கள் நாட்டின் உடைமை என்று அறிவித்த சட்டம் 1978இல்தான் வந்தது. அதுவும் 1981 ஜனவரியில் பதவியேற்ற ரீகனிலிருந்துதான் செல்லுபடியாகும். ஆகவே, 1971 மே மாதம் திறக்கப்பட்ட ஜான்சன் நூலகத்தில் இருக்கும் சுமார் 4.5 கோடிப் பக்கங்களில் பெரும்பகுதி, ஜான்சனும் அவரோடு பணியாற்றியவர்களும் கொடைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவை. கொடுத்தவர் விதித்த நிபந்தனைகளும் கூடவே வந்தன. அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டி இந்தத் தாள்களைக் கேட்க முடியாது என்பதைப் பல ஆய்வாளர்கள் விண்ணப்பம் திரும்பி வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். இவற்றுக்கு உரிய வழி, ரகசியம் நீக்குவதற்கான கட்டாய மறுஆய்வு விண்ணப்பம்.

உங்கள் பொருளுக்கு நேராகச் செல்ல வேண்டிய இடம் 'தேசியப் பாதுகாப்புக் கோப்பு' என்ற தொகுப்பு. அதற்குள் நாடுவாரியான பிரிவில் இந்தியாவுக்கு எனத் தனிப் பெட்டிகள் உள்ளன; புது தில்லித் தூதரகத்தின் தந்திகளும், வெள்ளை மாளிகையில் தெற்காசியாவைக் கவனித்த ராபர்ட் கோமர், பின்னர் ஹோவர்ட் ரிகின்ஸ் ஆகியோர் எழுதிய குறிப்பாணைகளும் அங்கே கிடைக்கும். அதே தொகுப்பில் 'தேசியப் பாதுகாப்புக் குழு வரலாறுகள்' என்றொரு வரிசை உண்டு. அதில் ஒன்றுக்கு 'இந்தியப் பஞ்சம், 1966 ஆகஸ்ட் – 1967 பிப்ரவரி' என்றே தலைப்பு. உங்களுக்கென்றே தொகுத்து வைத்ததுபோல் தோன்றும். ஆனால் ஜான்சன் ஆட்சியின் இறுதிக்காலத்தில், வரலாறு தம்மை எப்படி மதிப்பிடும் என்ற கவலையோடு, வெள்ளை மாளிகை ஊழியர்களே ஆவணங்களைத் தேர்ந்து முன்னுரை எழுதிக் கோத்த தொகுப்பு அது. அதிலுள்ள ஒவ்வொரு தாளும் உண்மையான தாள்தான். எது உள்ளே வந்தது, எது வெளியே நின்றது என்ற தேர்வு மட்டும் அவர்களுடையது. எனவே அதை முதலில் படியுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், அதே வாரத்து நாடுவாரிக் கோப்போடு தாள் தாளாக ஒப்பிடுங்கள். உங்கள் நெறியாளர் கோப்பை நம்புங்கள் என்று சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் அவர் மனத்தில் வைத்திருப்பார் என நினைக்கிறேன்.

கோப்புறையைத் திறந்ததும் முன்பக்கத்தில் ஒரு விலக்கல் பட்டியல் இருக்கும். எந்தெந்த ஆவணம் எடுக்கப்பட்டிருக்கிறது, அது தந்தியா குறிப்பாணையா, யார் யாருக்கு எழுதியது, என்ன தேதி, எத்தனை பக்கம், பாதுகாப்புக் காரணமா கொடைப் பத்திர நிபந்தனையா என்பதெல்லாம் அதில் பதியப்பட்டிருக்கும். புதிய ஆய்வாளர்கள் இதைத் தள்ளிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியலே ஓர் ஆதாரம். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இருவருக்கிடையே ஒரு கடிதம் போயிற்று என்பதை உள்ளடக்கம் தெரியாமலே அது உறுதிப்படுத்துகிறது. மறுஆய்வு விண்ணப்பம் எழுதும்போது அதிலுள்ள எண்ணையும் தேதியையும் அப்படியே எடுத்துக் கொடுக்க வேண்டும். பதில் வர ஆண்டுகள் ஆகலாம் என்பதால், ஆய்வேட்டின் கால அட்டவணையை அதை நம்பி அமைத்துவிடாதீர்கள்.

சென்னையில் இருந்தபடி எட்டக்கூடியவை இன்று கணிசமாக இருக்கின்றன. நூலகத்தின் 'டிஸ்கவர் எல்பிஜே' தளத்தில் பேட்டிகளின் எழுத்துப்படிகளும், தொலைபேசிப் பதிவுகளும், கோப்புகளில் ஒரு பகுதியும் உள்ளன. மின்வடிவம் பெறாத கோப்புறைகளுக்குப் பெட்டி விவரப் பட்டியலைப் பார்த்து, தொகுப்பு, பெட்டி எண், கோப்புறைத் தலைப்பு ஆகிய மூன்றையும் பிழையின்றிக் குறித்து அங்குள்ள ஆவணக் காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். கட்டணம் பெற்று நகல் அனுப்புவார்கள். "இந்தியா பற்றிய எல்லாம் வேண்டும்" என்று எழுதினால் பயன் இராது. கேள்வி குறுகக் குறுகப் பதில் சிறக்கும். பிறகொரு நாள் நேரில் போக வேண்டியிருந்தால், நூலகத்துக்குத் துணைநிற்கும் அறக்கட்டளை பயண உதவித்தொகை வழங்குகிறது; அதற்கும் இப்படிப்பட்ட தெளிவான பட்டியலே முதல் தகுதி.

நொய்யல்

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னவற்றுக்கு மேல் கோப்பைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் பேட்டிகளை அடிக்குறிப்புக்கு ஒதுக்கும் கருத்தை நான் ஏற்கவில்லை. அதிலும் உங்கள் தலைப்புக்கு அது பெரிய இழப்பாக முடியும்.

நீங்கள் ஆராய்வது ஒரு தாமதத்தை. ஒரு முடிவு எடுக்கப்பட்டால் அது தாளில் பதிகிறது: ஆணை பிறக்கிறது, தந்தி போகிறது, அறிவிப்பு வெளியாகிறது. ஒருவர் முடிவெடுக்காமல் வைத்திருந்தால் அதற்கு எந்தத் தாளும் பிறப்பதில்லை. ஜான்சனுக்குச் சென்ற குறிப்பாணைகள் பலவற்றின் அடியில் 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை', 'என்னிடம் பேசவும்' என்ற வகையில் கோடிட்ட இடங்கள் இருக்கும். அதிபர் குறியிட்ட தாள் உங்களுக்கு ஒரு செய்தியைத் தருகிறது. குறியிடாமல் கிடந்த தாள், அவர் படித்தாரா, படித்துவிட்டு வேண்டுமென்றே ஒதுக்கினாரா, வாய்மொழியாக யாரிடமாவது விடை சொன்னாரா என்பதைச் சொல்வதில்லை. 1966 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, பீகாரில் மழை பொய்த்து நெல் கருகிக்கொண்டிருந்த மாதங்களில், ஃப்ரீமனும் வெளியுறவுத் துறையும் தூதர் செஸ்டர் போல்ஸும் வற்புறுத்திக்கொண்டிருந்தபோது வெள்ளை மாளிகை ஏன் அசையவில்லை என்ற கேள்விக்கு, அந்த அறைகளில் இருந்தவர்களின் வாய்மொழியே பல இடங்களில் நமக்கு மிஞ்சியிருக்கும் தடம்.

அப்படியானால் பேட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், கூடாது. ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஜோ ஃபிரான்ட்ஸின் தலைமையில் 1968இல் இந்தப் பேட்டித் திட்டம் தொடங்கியது. வால்ட் ராஸ்டோவின் முதல் பேட்டி 1969 மார்ச்சில், அவர் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியை விட்ட ஓரிரு மாதங்களில் எடுக்கப்பட்டது. நினைவு பசுமையாக இருந்த காலம் என்று மகிழ்வதற்கு முன், அந்தத் தேதிக்கு இந்தியாவில் என்ன நடந்திருந்தது என்று பாருங்கள். 1964–65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த நம் உணவு தானிய விளைச்சல் 1965–66இல் 7.2 கோடி டன்னாக விழுந்தது. அடுத்த ஆண்டும் நிமிரவில்லை. 1967–68இலோ அது 9.5 கோடி டன். 1966இல் மெக்சிகோவிலிருந்து வாங்கிய 18,000 டன் குட்டைக் கோதுமை விதை பலன் கொடுத்து, 1968இல் கோதுமைப் புரட்சிக்கு அஞ்சல்தலை வெளியிடும் அளவுக்கு நிலைமை மாறிவிட்டது. அந்த மகசூலுக்குப் பிறகு மைக்ரோஃபோன் முன் உட்காரும் ஒருவருக்கு, அதிபரின் இழுத்தடிப்பு ஓர் ஆழ்ந்த திட்டமாகத் தோன்றுவது இயல்பு. 1966 நவம்பரில் அதே மனிதர்கள் எழுதிய தாள்களில் அச்சம் தெரிகிறது. 1969இல் அந்த அச்சத்தைத் திட்டம் என்ற சொல் மூடிவிடுகிறது. பேட்டியில் கிடைக்கும் இந்த மாற்றமே ஆய்வுக்குரிய பொருள்.

ஆகவே ஒவ்வொரு எழுத்துப்படியின் முதல் பக்கத்திலுள்ள தேதியைக் குறித்து, அந்தத் தேதிக்கு முன் விளைச்சல், போர், தேர்தல் என்று என்னென்ன நடந்து முடிந்திருந்தன என்பதை ஓரத்தில் எழுதிவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள். அடுத்து, பேட்டி எடுத்தவர் கேட்ட கேள்வியைப் பதிலின் அளவுக்கே கவனமாகப் படியுங்கள். 1969இல் பேட்டி எடுத்தவர்கள் முதன்மையாகத் தெரிந்துகொள்ள விரும்பியது வியட்நாம். கோமரின் பேட்டிகளும் பெரும்பாலும் அதையே சுற்றுகின்றன. இந்தியாவைப் பற்றிய பேச்சு குறைவாக இருப்பதைக் கொண்டு, அவர்களுக்கு இந்தியா பொருட்டாக இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கேட்கப்படாததால் சொல்லப்படாமல் போனது அதில் நிறைய இருக்கும். மேலும், எழுத்துப்படி பேசியவரிடம் திருத்தத்துக்குப் போய் வந்த பிறகே, அவர் கையெழுத்திட்ட பத்திரத்தின் நிபந்தனைப்படி திறக்கப்படுகிறது. ஒலிப்பதிவு கிடைக்கும் இடங்களில் முக்கியமான பத்திகளையாவது காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

ரோம் உடன்பாட்டை இந்த முறையில் அணுகினால் நல்ல பயன் உண்டு. உரத்துக்கும் விதைக்கும் கூடுதல் முதலீடு, விவசாயிக்கு ஊக்கமளிக்கும் விலை ஆகிய கொள்கைகளை அமெரிக்கா இந்தியாவின் மேல் திணித்ததா, அல்லது சி.எஸ். 1964 முதலே அமைச்சரவையில் போராடிக்கொண்டிருந்த தம் திட்டத்துக்கு வெளி அழுத்தத்தை ஒரு துணையாகப் பயன்படுத்திக்கொண்டாரா என்பது இன்றும் முடியாத விவாதம். எனக்கு இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. நிதி அமைச்சகத்திலும் திட்டக் குழுவிலும் அவருக்கு இருந்த எதிர்ப்பைப் பார்த்தால், ரோமில் அவர் மனமின்றிக் கையெழுத்திட்டார் என்று சொல்வது கடினம். ஆனால் அமெரிக்க அதிகாரியின் பேட்டியை மட்டும் படிப்பவருக்கு முதலாவதுதான் மனத்தில் பதியும், ஏனெனில் தாம் செய்ததைச் சொல்வதற்காகத்தான் அவர் அங்கே அமர்ந்திருக்கிறார்.

தெற்குவாசல்

இருவரும் கோப்பு, பேட்டி என்ற இரண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜான்சன் நூலகத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். ஜான்சன் தம் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்துவந்தார். ஏறத்தாழ 643 மணி நேரப் பதிவுகள் அங்கே உள்ளன. அவருடைய உதவியாளர் மில்ட்ரெட் ஸ்டீகல் 1973இல் அவற்றை நூலகத்திடம் ஒப்படைத்தபோது, ஜான்சன் இறந்து 50 ஆண்டுகள்வரை திறக்கக் கூடாது என்பது அவருடைய விருப்பம் என்று தெரிவித்தார். அந்த விருப்பத்தை அப்படியே பின்பற்றியிருந்தால் 2023வரை காத்திருக்க வேண்டியிருக்கும். கென்னடி கொலை தொடர்பான ஆவணங்களைத் திறக்க 1992இல் வந்த சட்டத்தையும், நாடாக்கள் நாளுக்கு நாள் சிதைந்துவந்ததையும் கருதி, நூலக இயக்குநர் ஹாரி மிடில்டன் 1990களின் தொடக்கத்திலேயே அவற்றைத் திறக்கும் பணியைத் தொடங்கினார். அந்தத் துணிவுக்கு ஆய்வாளர்கள் அனைவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஃப்ரீமனோடு ஜான்சன் பேசிய பதிவுகளைத் தேடுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையம் பல உரையாடல்களை எழுத்தில் பெயர்த்துக் குறிப்புகளோடு வெளியிட்டிருக்கிறது. நொய்யல் சொன்ன அந்தக் குறியிடாத தாளுக்கான விடை தொலைபேசியில் சொல்லப்பட்டிருக்கக்கூடும் என்பதால், தாளின் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்து அழைப்புப் பட்டியலையும், அதிபரின் அன்றாட நாட்குறிப்பையும் பார்ப்பது நல்லது. யாரை எப்போது சந்தித்தார், எந்த அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று அவருடைய அலுவலகம் நாள்தோறும் பதிந்துவைத்த ஏடு அது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மறுமுனையில் இருந்தவர்களில் பலருக்குப் பதிவு நடப்பது தெரியாது, ஜான்சனுக்குத் தெரியும். பேட்டியில் இருப்பதைப் போலவே இங்கும் ஒருவர் வருங்காலத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார்.

ஏட்டுச்சுவடி குறிப்பிட்ட 'இந்தியப் பஞ்ச' வரலாற்றுத் தொகுப்பின் நோக்கத்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் படிக்கலாம். 1971இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில் ஜான்சன் இந்திய உணவு நெருக்கடிக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறார். எத்தனையோ நாடுகளை ஒரு பத்தியில் கடந்துசெல்லும் நூலில் நமக்கு ஓர் இயல் கிடைத்தது, அந்த முடிவுகளைத் தம் சொந்த முடிவுகளாகவே அவர் கருதினார் என்பதைக் காட்டுகிறது. தொகுப்பு, நூல், பதிவு மூன்றிலும் ஒரே வாரம் எப்படி வருகிறது என்று ஒப்பிட்டால் ஓர் இயலுக்கான பொருள் கிடைத்துவிடும்.

வைகறை

மூவருக்கும் மிக்க நன்றி. 1966 நவம்பர், டிசம்பர் மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நாடுவாரிக் கோப்பு, வரலாற்றுத் தொகுப்பு, நாட்குறிப்பு, பேட்டிகள் ஆகிய நான்கையும் நாள்வாரியாக அடுக்கிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அமெரிக்க வேளாண்மைத் துறைக் குழுவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களும் இந்தியாவுக்கு வந்து பார்த்துச் சென்ற பிறகு டிசம்பர் 22 அன்று 9 லட்சம் டன் விடுவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆறு வாரங்களில் பேட்டிகள் எங்கெங்கே கோப்பிலிருந்து விலகுகின்றன என்பது இப்போதே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. இவை அனைத்தும் அமெரிக்கத் தரப்பு. இந்தியத் தரப்பின் குரலுக்கு எங்கே போவது?

ஏட்டுச்சுவடி

தில்லியில் இரண்டு இடங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் உணவு, வேளாண்மை அமைச்சகக் கோப்புகளைத் தேடுங்கள். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தின்படி 25 ஆண்டு கடந்த கோப்புகள் அங்கே சேர வேண்டும். எல்லா அமைச்சகங்களும் ஒழுங்காக அனுப்பிவிட்டன என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மற்றொன்று தீன்மூர்த்தி இல்லத்தில் நேரு நினைவு நூலகமாக இருந்து 2023இல் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் எனப் பெயர் மாறிய நிறுவனம். அங்கே தலைவர்கள், அதிகாரிகளின் தனித்தாள்களோடு அந்த நிறுவனத்துக்கே உரிய வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பும் இருக்கிறது. ஆஸ்டினில் கற்றுக்கொண்ட அதே ஒழுங்கை அந்தப் பேட்டிகளுக்கும் பொருத்துங்கள்.

அமெரிக்கத் தூதரக அதிகாரிகளின் பேட்டிகளைத் தனியே தொகுத்துவரும் தூதரகக் கல்வி, பயிற்சிச் சங்கத்தின் இந்தியத் தொகுதியில், சென்னைத் துணைத் தூதரகத்தில் பணியாற்றியவர்களும் பேசியிருக்கிறார்கள். 1965இன் மொழிப் போராட்டத்தின்போது சி.எஸ். தம் பதவி விலகல் கடிதம் கொடுத்ததும், 1967 தேர்தலில் அரிசித் தட்டுப்பாடு பெரும் பேச்சாகி அவரே தோல்வியுற்றதும், கோதுமைக்காக வாஷிங்டனில் நடந்த பேச்சோடு ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. தில்லித் தூதரகத்தின் தந்திகளில் இந்த இணைப்பு மங்கலாகவே தெரியும். சென்னையிலிருந்து போன அறிக்கைகள் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள காலேஜ் பார்க்கில், தேசிய ஆவணக் காப்பகத்தின் வெளியுறவுத் துறைத் தொகுப்பில் இருக்கும். ஜான்சன் நூலகத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாநில உணவுத் துறையின் 1966–67 அரசாணைகளை இந்த வாரமே கேட்டுப் பார்க்கலாம்; அதற்கு விமானச் சீட்டு தேவையில்லை, பல்கலைக்கழகத்தின் பரிந்துரைக் கடிதத்தை எடுத்துச் செல்லுங்கள்.